அப்பாவின் சிபில் ஸ்கோரும் பிள்ளையின் கல்விக் கடனும்

கவுன்சலிங்கில் சீட் கிடைத்துவிடுகிறது. கல்லூரியின் கட்டண விவரத்தையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு மாணவரும் அப்பாவும் வங்கிக் கிளைக்குப் போகிறார்கள். அதிகாரி பான் எண்ணைக் கேட்டு வாங்கி, கணினியில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சிபில் சரியில்லை சார், லோன் வராது" என்கிறார். அப்பாவின் முகம் சுருங்கிவிடுகிறது. பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருப்பதால் அவர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இருவரும் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தமிழ்நாடு முழுக்க இது நடக்கிறது.

அந்த ஒற்றை வரிப் பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சிபிலில், அதாவது ஒருவர் கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் அறிக்கையில், உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறது, மறுப்பை வங்கி எப்படிச் சொல்ல வேண்டும், இந்தக் கடனே எந்த அடிப்படையில் தரப்படுகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு போகிற குடும்பத்துக்கும் தெரியாமல் போகிற குடும்பத்துக்கும் கிடைக்கும் முடிவு பல நேரங்களில் வேறாக இருக்கிறது.

முதலில் கடனின் அடிப்படை. இந்தியாவில் பொதுத்துறை வங்கிகள் தரும் கல்விக் கடன் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கம் 2001ல் வகுத்த மாதிரித் திட்டத்தைப் பின்பற்றுகிறது. அதன்பின் சில முறை திருத்தப்பட்டாலும் அதன் சாரம் மாறவில்லை. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கிடையாது, கைப்பணமும் போட வேண்டாம். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 2015ல் மத்திய அரசு கடன் உத்தரவாத நிதி ஒன்றை ஏற்படுத்திய பிறகு, 7.5 லட்சம் வரை சொத்தோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் தர வழி வந்தது. அந்தக் கடன் திரும்பி வராமல் போனால் நிலுவையில் 75 சதவீதத்தை அந்த நிதி வங்கிக்கு ஈடுகட்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அப்புறம் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்தாலே தெரியும், இது மாணவர் நாளை சம்பாதிக்கப் போவதை நம்பித் தரப்படும் கடன். அப்பா நேற்று எப்படிக் கடன் கட்டினார் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்தால் திட்டத்தின் நோக்கமே அடிபட்டுப்போகிறது. ஏனென்றால் பழைய கடனில் தடுமாறாத ஏழைக் குடும்பங்கள் குறைவு. கடன் மிக அவசியமாகத் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

வங்கிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டிப் பெருகிய காலத்தில் கல்விக் கடனும் தாராளமாகப் போனது. படித்து முடித்தவர்களில் பலருக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. கணிசமான கடன்கள் வாராக் கடனாயின. அந்த அனுபவம் கிளை மேலாளர்களின் மனதில் இன்னும் இருக்கிறது. ஜாமீன் இல்லாத கடனில் அவர்கள் பிடித்துக்கொள்ளக் கையில் இருக்கும் ஒரே எண் சிபில் ஸ்கோர்தான்.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? சிபில் 2000ல் தொடங்கப்பட்ட ஒரு கடன் தகவல் நிறுவனம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி இயங்கும் இவற்றுக்கு வங்கிகள், நிதி நிறுவனங்கள், மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரத்தை அனுப்பியாக வேண்டும். 300 முதல் 900 வரை மதிப்பெண். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. ஆனால் இதற்குக் கீழே போனால் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. அந்தக் கோட்டை ஒவ்வொரு வங்கியும் தானே போட்டுக்கொள்கிறது.

வங்கிக்குப் போகும் முன் அந்த அறிக்கையை நாமே பார்த்துவிட வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. செல்போனிலேயே எடுக்கலாம். எடுத்ததும் எல்லோரும் மேலே பெரிதாகத் தெரியும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே, ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியாக இருக்கும் பகுதி.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு தையல் தொழிலாளி. அவர் அறிக்கையில் நான்கு கடன்கள். முதலாவது 2017ல் வாங்கிய இருசக்கர வாகனக் கடன், 'க்ளோஸ்டு' என்று இருக்கிறது, பிரச்சினை இல்லை. இரண்டாவது 2019ல் தவணையில் எடுத்த செல்போன். ஊரடங்கில் வேலை போய்க் கடைசி இரண்டு தவணையைக் கட்டாமல் விட்டிருக்கிறார். நிலுவை 2,900 ரூபாய்தான். ஆனால் மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று காட்டும் கட்டங்களில் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போய் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் அங்கே 000 இருந்திருக்கும். மூன்றாவது தனிநபர் கடன், பேரம் பேசி ஒரே தொகையாகக் கட்டி முடித்தது, 'செட்டில்டு' என்று இருக்கிறது. நான்காவது கடனை அவர் வாங்கவே இல்லை. மச்சானின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். மச்சான் கட்டவில்லை. கடன் வகைக்குப் பக்கத்தில் 'கேரண்டர்' என்ற குறிப்போடு அந்தத் தாமதமும் இவர் கணக்கில் ஏறியிருக்கிறது.

கவுன்டரில் இவை எல்லாம் சேர்ந்து "சிபில் சரியில்லை" என்ற ஒரே பேச்சாகிவிடுகின்றன. ஆனால் நான்குக்கும் தனித்தனி நிலைமை, தனித்தனித் தீர்வு. செல்போன் நிலுவையை இன்றே கட்டிவிடலாம். கட்டியதும் அந்த நிறுவனத்திடம் நிலுவையில்லாச் சான்று வாங்க வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது. 'செட்டில்டு' என்பதற்குப் பொருள், முழுத் தொகை வரவில்லை, இழப்பை ஏற்று முடித்துக்கொண்டோம் என்று வங்கி சொல்வது. வாங்கியவர் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார், அறிக்கையோ ஆண்டுக்கணக்கில் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும். தள்ளுபடி செய்த மீதியைக் கட்டி 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தரக் கேட்கலாம். தொகை சிறியதாக இருந்தால் இது செய்யத்தக்கதே. ஜாமீன் கடனில் மச்சானைக் கட்ட வைப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை, ஆனால் இது தன் சொந்தக் கடன் இல்லை என்பதை ஆதாரத்தோடு அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல முடியும்.

அப்புறம் முழுத் தவறுகள். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் காட்டுவது, அதே பெயருள்ள வேறொருவரின் கடன் சேர்ந்துவிடுவது, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கியின் தவணைச் சலுகையைப் பயன்படுத்தியதைத் தாமதமாகப் பதிந்திருப்பது போன்றவை. இவற்றுக்கு அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக ஆட்சேபம் பதியலாம். 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது, 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சிபிலைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பதிவை மாற்ற அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்தால்தான் முடியும், நாம் எழுதிக் கேட்பதைத்தான் ஏஜென்ட்டும் எழுதிக் கேட்பார்.

இந்த வேலைகளுக்கு ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். 2025 தொடக்கம் முதல் நிறுவனங்கள் 15 நாளுக்கு ஒரு முறையாவது விவரங்களைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்பதால் மாற்றம் முன்பைவிட வேகமாகத் தெரிகிறது. இருந்தாலும் சீட் கிடைத்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது. பிள்ளை ப்ளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மார்ச் மாதமே அறிக்கையை எடுத்துப் பார்ப்பதுதான் சரியான நேரம்.

அப்பாவின் பதிவைச் சீக்கிரம் சரிசெய்ய முடியாது என்றால், இணைக் கடன்தாரர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மா கையெழுத்துப் போடலாம். மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய அம்மாவின் பதிவு அப்பாவுடையதைவிட நன்றாக இருப்பது சகஜம். இதுவரை எந்தக் கடனும் வாங்காத அம்மா என்றால் ஸ்கோர் இல்லை என்று வரும். கடன் வரலாறே இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து முதல்முறைக் கடன்தாரரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்திலும் இதை உறுதிப்படுத்தினார். வேலையில் இருக்கும் அண்ணன், அக்காவை ஏற்கும் வங்கிகளும் இருக்கின்றன.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? இங்கே ஒரே குரல் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெற்றோரின் மோசமான கடன் மதிப்பெண்ணைக் காரணமாகக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்க முடியாது, படித்தபின் மாணவரின் திருப்பிச் செலுத்தும் திறன்தான் முக்கியம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2020ல் சொன்னது. 2023ல் அதே நீதிமன்றத்தில் வந்த வழக்கில் மதிப்பெண் குறைவு மாணவருடையது. முன்பு வாங்கிய இரண்டு கடன்களில் ஒன்றில் 16,667 ரூபாய் நிலுவை, மற்றொன்றை வங்கி கணக்கிலிருந்து தள்ளிவிட்டிருந்தது. ஆனால் அவர் கையில் வேலைக்கான உத்தரவு இருந்தது. நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், மாணவர்கள் நாளை நாட்டைக் கட்டப்போகிறவர்கள், ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று கூறி 4,07,200 ரூபாயை விடுவிக்க உத்தரவிட்டார். நம் பக்கத்தில் 2017ல் நர்சிங் மாணவி ஒருவரின் வழக்கில், தந்தையின் கடன் வரலாற்றைக் காட்டி வங்கி மறுத்ததில் தலையிட சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு வங்கிக் கிளையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேல்முறையீட்டுக் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். என் கருத்தில் 2020 தீர்ப்பில் உள்ள வாதம்தான் திட்டத்தின் எழுத்துக்கும் நோக்கத்துக்கும் பொருந்துவது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையின் படிப்பை அடகாக்குவதை எந்தத் திட்டமும் நியாயப்படுத்த முடியாது. ரிசர்வ் வங்கி இதைத் தெளிவான விதியாகவே எழுதிவிட வேண்டும். அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தனியாகப் போராட வேண்டியிருக்கிறது.

அந்தப் போராட்டத்தில் முக்கியமானது எழுத்து. வாய்மொழி மறுப்புக்கு எந்தத் தடமும் இல்லை. அதனால் விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடுவது நல்லது. 2015ல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம். எந்தத் தேதியில் அனுப்பினோம், எந்த நிலையில் இருக்கிறது என்பது பதிவாகிவிடும். மாதிரித் திட்டத்தின்படி கிளை மேலாளர் தானாகவே நிராகரித்துவிட முடியாது. மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் நிராகரிக்க வேண்டும், காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதை மரியாதையாக எடுத்துச் சொல்லி, "காரணத்தை எழுத்தில் கொடுங்கள் சார், நாங்கள் மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொள்கிறோம்" என்று கேட்டாலே சில இடங்களில் ஃபைல் மறுபடி திறக்கிறது.

திறக்கவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதை எதிர்க்கும் புகாரை ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். "லோன் தரவில்லை" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். காரணம் சொல்லாமல் மறுத்தது, மாதக்கணக்கில் இழுத்தடித்தது, தவறான சிபில் பதிவைத் திருத்தாதது என்று விதிமீறலைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் 2022 முதல் அங்கே புகார் கொடுக்கலாம். இதோடு சேர்த்து மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். பல மாவட்டங்களில் ஆட்சியரே கல்விக் கடன் முகாம் நடத்துகிறார். எல்லா வங்கிகளும் ஒரே கூடத்தில் இருக்கும் அந்த முகாமில், கிளையில் மறுத்ததையே மறுபடி கேட்கலாம்.

இத்தனை அலைச்சல் ஏன், தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். கல்லூரி வளாகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 1 லட்சமாக மொத்தம் 4 லட்சம். வங்கியில் 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், முதலாண்டுத் தொகை ஐந்து ஆண்டு நிற்கிறது, வட்டி 50,000. அடுத்தடுத்த தொகைகளுக்கு 40,000, 30,000, 20,000. தவணை தொடங்கும் முன்பே 1,40,000 வட்டி சேர்ந்துவிடும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதி பெற்றிருந்தால், இந்த வட்டியை மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு வட்டி மானியத் திட்டம் ஏற்கிறது. இது மாதிரித் திட்டத்தின் கீழ் வங்கிகள் தரும் கடனுக்குத்தான். தனியார் நிறுவனத்தில் 14 சதவீதம் என்றால் அதே கணக்கில் 1,96,000, மானியம் கிடையாது. பெரும்பாலும் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டவும் சொல்வார்கள். வட்டி மானியத்துக்குத் தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும், அதையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் இருக்கிறது. தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேர்பவர்களுக்கு ஜாமீன் இல்லாத கடன், 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. நல்ல திட்டம். ஆனால் சாதாரணத் தனியார் கல்லூரியில் சேரும் மாணவருக்கு இது எட்டாது.

கடன் குறையக் குறைய சிபில் பிரச்சினையும் குறையும். அதனால் எங்கே சேர்கிறோம் என்பதே முக்கால்வாசித் தீர்வு. தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007 முதல் கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டில் அது போய்விடும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதை நம் வீடுகளில் இரண்டாம் தரமாகப் பார்க்கிறோம். கையில் பணமில்லாத வீட்டுக்கு அது மிக நல்ல வழி, அதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

முதல் பருவக் கட்டணத்துக்கு மட்டும் அவசரம் என்றால் வீட்டில் உள்ள நகையை வங்கியில் வைப்பது மீட்டர் வட்டிக்குப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். நகைக் கடனில் சிபில் பெரிய தடையாக இருப்பதில்லை. கல்விக் கடன் இழுபடும் அந்த இரண்டு மூன்று மாதத்தை அதை வைத்துக் கடக்கலாம்.

கடன் கிடைத்துவிட்டது என்றால், அன்றிலிருந்து மாணவர் பெயரிலும் ஒரு பதிவு ஓடத் தொடங்குகிறது. இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட அப்பா, அம்மா பதிவிலும் அதே கடன் ஏறும். மோசமான சிபிலைக் காரணம் காட்டி ஸ்டேட் வங்கி ஓர் இளைஞரின் பணி நியமனத்தை ரத்து செய்ததை சென்னை உயர் நீதிமன்றம் 2025ல் சரி என்றது. ஆகவே படிப்பு முடித்து ஓராண்டு ஆகியும் வேலை அமையவில்லை என்றால், முதல் தவணைத் தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடமிருக்கிறது, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூடக் கேட்கலாம். தவணை தவறிய பிறகு கேட்டால் அதற்குள் 030 விழுந்திருக்கும்.